வளர்ச்சிக் கிளையும் நிலைக் கிளையும்
திறந்த மூல இயங்குதளங்கள் வெளியிடப்படும் முறை

ஐதராபாத் நகரின் மேற்குப் புறத்தே அமைந்துள்ளது கொண்டாப்பூர். அதனை அடுத்த மாதாப்பூரில் 1998 ஆம் ஆண்டு சைபர் டவர்ஸ் என்னும் கட்டடம் திறக்கப்பெற்ற பின்னர், இவ்வட்டாரம் மென்பொருள் தொழிலுக்கு உறைவிடமாயிற்று. இங்குப் பணியாற்றும் பொறியாளர் ஒருவர் நேற்று எழுதப்பட்ட மென்பொருளை இன்று தம் கணினியில் நிறுவிச் சோதிக்கிறார். அது நாளை பழுதுபட்டால் அவரே செப்பனிட்டுக் கொள்வார். அதுவே அவருடைய தொழில். ஆனால் அதே வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் கணினி அறையில், தேர்வு நாளன்று காலையில் யந்திரம் திடீரென்று வேறு விதமாக நடந்து கொள்ளுமாயின், அதனைச் செப்பனிட அங்கு எவரும் இலர்.

இவ்விருவரும் உபயோகிப்பது ஒரே பெயர் கொண்ட இயங்குதளமாக இருக்கலாம். எனினும் இருவர்க்கும் ஏற்றது ஒரே கிளையன்று. ஒருவருக்கு வேண்டுவது புதுமை. மற்றவருக்கு வேண்டுவது மாறாமை. இவ்விரு தேவைகளையும் ஒரே மூல நிரலினின்று நிறைவேற்றும் பொருட்டு ஏற்பட்ட ஏற்பாடே வளர்ச்சிக் கிளை, நிலைக் கிளை என்னும் பாகுபாடு. அது எவ்வாறு இயங்குகிறது என்பதையும், பொதுப்பணியில் உள்ளோர் அதனின்று அறிய வேண்டுவது யாது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

கிளை என்பது யாது?

ஆசிரியர்கள் நன்கறிந்த பாடநூலையே உதாரணமாகக் கொள்வோம். மாணவர் கையிலுள்ள அச்சிட்ட நூல் ஒன்று. பாடநூற்குழுவின் மேசைமேல் திருத்தப்பட்டு வரும் அடுத்த பதிப்பின் கைப்பிரதி மற்றொன்று. இரண்டும் ஒரே மூலத்தினின்று பிறந்தவையே. கைப்பிரதியில் நாள்தோறும் பக்கங்கள் சேர்க்கப்படும். சில அத்தியாயங்கள் நீக்கப்படும். சில பாதியில் நிற்கும். அச்சிட்ட நூலிலோ ஆண்டின் நடுவே எதுவும் மாறுவதில்லை. அதில் தவறு காணப்பட்டால் பிழைத்திருத்தப் பட்டியல் ஒன்று மட்டும் அனுப்பப்படும். அப்பட்டியலில் புதிய பாடம் எதுவும் இடம்பெறாது.

கைப்பிரதி வளர்ச்சிக் கிளைக்கு ஒப்பாகும். அச்சிட்ட நூல் நிலைக் கிளைக்கு ஒப்பாகும். பிழைத்திருத்தப் பட்டியல் நிலைக் கிளைக்கு அவ்வப்போது வரும் திருத்த வெளியீடுகளுக்கு ஒப்பாகும்.

இவ்விடத்தே ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் அவசியம். "நிலையான" என்னும் அடைமொழிக்குப் பிழையற்ற என்று பலர் பொருள் கொள்கின்றனர். அது சரியன்று. நிலையானது என்பதற்கு, மாறாது நிற்பது என்பதே பொருள். நிலைக் கிளையிலும் பிழைகள் உண்டு. ஆயினும் அவை பெரும்பாலும் அறியப்பட்ட பிழைகள். நேற்றில்லாத பிழை இன்று புகுவதற்கு அங்கு இடம் குறைவு.

ஒற்றை எண்ணும் இரட்டை எண்ணும்

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டு தொடங்கிய லினக்ஸ், இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல் ஆகும். அதன் 1.0 பதிப்பு 1994 மார்ச்சில் வெளிவந்தது. அதன்பின் ஒரு வழக்கம் ஏற்பட்டது. பதிப்பெண்ணின் இரண்டாம் உறுப்பு இரட்டைப்படை எண்ணாயின் அது நிலைக் கிளை. ஒற்றைப்படை எண்ணாயின் அது வளர்ச்சிக் கிளை. 1.2, 2.0, 2.2, 2.4 ஆகியன உபயோகிப்போர்க்கு உரியன, 1.3, 2.1, 2.3, 2.5 ஆகியன ஆக்குவோர்க்கு உரியன. எண்ணைப் பார்த்த அளவிலேயே யந்திரத்தின் தன்மை புலப்பட்டமையால், இம்முறை எளிமையானது.

ஆயினும் காலப்போக்கில் இதன் குறைபாடு வெளிப்பட்டது. 2.4 பதிப்பு 2001 ஜனவரியில் வெளிவந்தது. அடுத்த வளர்ச்சிக் கிளையாகிய 2.5 அவ்வாண்டு நவம்பரில்தான் தொடங்கப்பெற்றது. இடைப்பட்ட மாதங்களில் புதிய வேலைகளுக்குச் செல்லுமிடம் இல்லை. ஆகவே அவை நிலைக் கிளைக்குள்ளேயே நுழைந்தன. 2001 செப்டம்பரில் வெளிவந்த 2.4.10 பதிப்பில் நினைவகத்தை நிர்வகிக்கும் பகுதியே அடியோடு மாற்றப்பட்டது. அச்சிட்ட பாடநூலில் ஆண்டின் நடுவே ஓர் அத்தியாயத்தைக் கிழித்து வேறொன்றை ஒட்டியதற்கு இது நிகராகும்.

மற்றொரு குறையும் இருந்தது. 2.5 இல் நடைபெற்ற வேலைகள் 2.6 என்னும் நிலைப் பதிப்பாக மலர்ந்தது 2003 டிசம்பரில். ஏறக்குறைய மூன்றாண்டுகள் காத்திருக்க இயலாத விநியோக நிறுவனங்கள், வளர்ச்சிக் கிளையிலிருந்த புதிய வசதிகளைத் தாமே எடுத்துத் தத்தம் 2.4 பதிப்பில் இணைத்துக் கொண்டன. இதன் விளைவாக ஒரே எண்ணைத் தாங்கிய கெர்னல்கள் உண்மையில் வெவ்வேறாயின.

இவ்வனுபவத்தினின்று இரண்டு உண்மைகள் பெறப்பட்டன. முதலாவது, வளர்ச்சிக் கிளை திறந்திராவிடில் நிலைக் கிளை நிலைத்திராது. இரண்டாவது, இரு கிளைகளுக்கும் இடைப்பட்ட காலம் மிக நீண்டால் உபயோகிப்போர் தாமே வேலி தாண்டுவர்.

இன்றைய முறை

ஆகவே 2.6 பதிப்பிற்குப் பின்னர் ஒற்றை, இரட்டை என்னும் வேறுபாடு கைவிடப்பட்டது. இன்று கெர்னலின் முதன்மைக் கிளை ஒன்றே. ஒவ்வொரு வெளியீட்டிற்கும் முன்னர் ஏறக்குறைய இரண்டு வாரம் புதிய வேலைகள் ஏற்றுக்கொள்ளப்படும். இதனைச் சேர்க்கைக் காலம் எனலாம். அதன்பின் வாயில் அடைக்கப்படும். அடுத்த ஏழு அல்லது எட்டு வாரங்களில் வாரந்தோறும் ஒரு முன்வடிவம் வெளியிடப்பட்டு, பிழைகள் மட்டும் களையப்படும். இவ்வாறு ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒரு முறை புதிய பதிப்பு பிறக்கிறது.

வெளிவந்த பதிப்பு நிலைக் கிளைப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. இவ்வேற்பாடு 2005 மார்ச்சில் 2.6.11.1 என்னும் வெளியீட்டுடன் தொடங்கிற்று. இக்கிளையில் ஒரு திருத்தம் இடம்பெறுவதற்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. அத்திருத்தம் முதன்மைக் கிளையில் முன்னரே ஏற்கப்பட்டிருத்தல் வேண்டும். மெய்யான ஒரு பிழையை நீக்குவதாயிருத்தல் வேண்டும். சூழ்ந்த வரிகளையும் சேர்த்து 100 வரிகளுக்கு மிகாதிருத்தல் வேண்டும். முதல் விதி ஏன் எனில், பழைய பதிப்பில் மட்டும் பிழையை நீக்கிப் புதியதில் மறந்துவிட்டால், அடுத்த பதிப்பிற்கு மாறுவோர் அதே பிழையை மீண்டும் எதிர்கொள்ள நேரும். சில பதிப்புகள் மட்டும் நெடுங்காலப் பதிப்புகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் பேணப்படுகின்றன.

டெபியனின் மூன்று படிகள்

கெர்னல் மட்டும் இயங்குதளமாகாது. அதனுடன் ஆயிரக்கணக்கான மென்பொருட்களைத் திரட்டிப் பொதிகளாக்கி ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்தல் வேண்டும். 1993 ஆகஸ்டில் ஐயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம் இவ்வேலையைத் தன்னார்வத் தொண்டர்களைக் கொண்டு செய்து வருகிறது. இத்திட்டத்தினரின் ஆண்டு மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியில் நடைபெற்றது.

டெபியனில் படிகள் மூன்று. முதற்படி நிலையாப் படி. புதிய பொதி ஒவ்வொன்றும் முதலில் இங்கு வருகிறது. இப்படிக்கு என்றும் சிட் என்றே பெயர். பொம்மைகளைப் பற்றிய திரைப்படம் ஒன்றில் அவற்றை உடைக்கும் சிறுவனின் பெயர் அது. இரண்டாம் படி சோதனைப் படி. முதற்படியில் அவசரத்திற்கேற்ப 2, 5 அல்லது 10 நாட்கள் தங்கியிருந்து, கடும்பிழை எதனையும் புதிதாகக் கொணராத பொதியே பொதுவாக இதற்கு ஏறும். மூன்றாம் படி நிலைப் படி. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை சோதனைப் படி உறையச் செய்யப்படுகிறது. புதிய வரவுகள் நிறுத்தப்பட்டுக் கடும்பிழைகள் களையப்படுகின்றன. பின்னர் அதுவே நிலைப் படியாக அறிவிக்கப்படுகிறது. புக்வோர்ம் எனப்பெறும் 12 ஆம் பதிப்பு 2023 ஜூனிலும், டிரிக்ஸி எனப்பெறும் 13 ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டிலும் இவ்வாறு வெளிவந்தன.

"நிலை" என்னும் சொல்லை எல்லா இயங்குதளங்களும் ஒரே பொருளில் ஆள்வதில்லை என்பதையும் நினைவில் இருத்துக. ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளத்தில் ஸ்டேபிள் எனப் பெயரிய கிளை, வளர்ச்சி நடைபெறும் கிளைகளுள் ஒன்றே. அங்குப் பொதுமக்கள் நிறுவ வேண்டுவது ரிலீஸ் எனப் பெயரிய வெளியீடு. பெயரை மட்டும் நம்பாது, அத்திட்டம் அப்பெயருக்குக் கூறும் பொருளைப் படித்தறிதல் வேண்டும்.

பழைய எண்ணில் புதிய திருத்தம்

நிலைக் கிளையைப் பற்றிய தவறான எண்ணம் ஒன்று களத்தில் அடிக்கடி எழுகிறது. பதிப்பெண் பழையதாயிருப்பதைக் கண்டு, யந்திரம் பாதுகாப்பற்றது என்று முடிவு செய்து விடுவதே அது.

2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்னும் பிழை வெளிப்பட்டது. ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மறைக்குறியீட்டு மென்பொருளில் இருந்த அப்பிழையால், சேவைக் கணினியின் நினைவகத்திலுள்ள இரகசியங்களைப் பிறர் படிக்க முடிந்தது. அம்மென்பொருளை ஆக்கியோர் பிழையை நீக்கி 1.0.1ஜி என்னும் பதிப்பை வெளியிட்டனர். அந்நாளைய டெபியன் நிலைப் படியில் இருந்ததோ 1.0.1இ. டெபியன் பொறுப்பாளர்கள் முழுப் புதிய பதிப்பையும் எடுத்துக் கொள்ளவில்லை. பிழையை நீக்கும் சில வரிகளை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் பொருத்தி வெளியிட்டனர். எனவே பிழை நீங்கிய பின்னரும் அங்கு எண் 1.0.1இ என்றே நின்றது; அதன் இறுதியில் உள்ள டெபியனின் திருத்த எண் மட்டுமே கூடிற்று.

இதனின்றும் அறிய வேண்டுவது யாதெனில், நிலைக் கிளையைச் சோதிப்போர் மென்பொருளின் தலைப்பு எண்ணை மட்டும் பாராமல், விநியோகத்தாரின் திருத்த எண்ணையும் அவர்தம் பாதுகாப்பு அறிவிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பழைய எண்ணைக் கண்டு அஞ்சி, எங்கிருந்தோ புதிய பொதியைக் கொணர்ந்து நிறுவுதல், உள்ள பாதுகாப்பையும் இழப்பதாகும். அப்பொதிக்கு அதன்பின் வரும் திருத்தங்களைக் கவனிப்பார் எவரும் இலர்.

இரு நிகழ்ச்சிகள்

இந்த ஏற்பாடு நம்மைக் காத்த நிகழ்ச்சி ஒன்றையும், காவாத நிகழ்ச்சி ஒன்றையும் அடுத்தடுத்து நோக்குவோம்.

2024 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் எக்ஸ்-இசட் என்னும் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகள் வெளிவந்தன. புனைபெயரில் ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேல் உழைத்து, பொறுப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் கள்ளவாயில் ஒன்றை அவற்றில் ஒளித்து வைத்திருந்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் டெபியனின் நிலையாப் படியில் வேலை செய்து கொண்டிருந்தபோது, தொலை நுழைவு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி தாமதப்படுவதைக் கவனித்தார். அவர் அதனை அலட்சியம் செய்யாது காரணத்தைத் தேடிச் சென்று, மார்ச்சு 29 அன்று உண்மையை உலகிற்கு அறிவித்தார். அப்போது கெட்ட பதிப்பு டெபியனின் நிலையாப் படியையும் சோதனைப் படியையும் அடைந்திருந்தது. நிலைப் படியை அடையவில்லை. அடுத்த மாதம் வெளிவரவிருந்த உபுண்டு 24.04 பதிப்பின் முன்னோட்டம் இதன் பொருட்டு ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது.

இரண்டாம் நிகழ்ச்சி இதற்கு முற்பட்டது. 2006 ஆம் ஆண்டு டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. சோதனைக் கருவி ஒன்று எச்சரிக்கை விடுத்தமையால் நீக்கப்பட்ட வரிகள், உண்மையில் மறைத்திறவுகளுக்கு வேண்டிய எழுந்தமான எண்களை விளைவிக்க உதவியவை. மாற்றம் முதற்படியில் நுழைந்து, சோதனைப் படிக்கு ஏறி, 2007 ஏப்ரலில் நிலைப் படியாகவும் வெளிவந்தது. மென்பொருள் குறையின்றி இயங்கியதுபோல் தோன்றிற்று. ஆனால் விளைந்த திறவுகள் ஒவ்வொரு வகைக்கும் ஏறக்குறைய 32,000 மட்டுமே. ஒரு சாதாரணக் கணினியே அவையனைத்தையும் முயன்று பார்த்துவிடக் கூடும். லூசியானோ பெல்லோ என்பார் இதனைக் கண்டுபிடிக்க, 2008 மே 13 அன்று அறிவிப்பு வெளிவந்தது. திருத்தத்தை நிறுவியது மட்டும் போதவில்லை. இடைக்காலத்தில் உண்டாக்கிய திறவுகள் யாவற்றையும் அழித்துப் புதியன செய்ய நேர்ந்தது.

இரண்டிலும் படிகள் ஒன்றே. விதிகளும் பெரிதும் ஒன்றே. முன்னதில் வளர்ச்சிக் கிளையில் வாழ்ந்த ஒருவர் உற்று நோக்கினார்; பின்னதில் எவரும் உரிய காலத்தில் உற்று நோக்கவில்லை. நாட்கள் கடந்தமையால் மட்டும் ஒரு பொதி நன்மை பெறுவதில்லை. அந்நாட்களில் அதனைச் சோதித்த கண்களால்தான் அது நன்மை பெறுகிறது. நிலைக் கிளையில் உள்ளோர் அனுபவிக்கும் அமைதி, வளர்ச்சிக் கிளையில் உள்ளோர் செலுத்தும் கவனத்தின் பயனாகும்.

நம் நாட்டில்

மத்திய அரசின் சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் என்னும் பாரத இயங்குதளம் 2007 இல் வெளிவந்தது. அது டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு இடமளிப்பது. பள்ளிகளுக்கென எடுபாஸ் என்னும் தனி வடிவமும் உண்டு. தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும் பாஸ் இடம்பெற்றது. ஐதராபாத்தைச் சார்ந்த சுவேச்சா இயக்கத்தினர் தெலுங்கு மொழியில் இயங்குதளம் அமைக்கும் பணியை மேற்கொண்டனர். கேரளத்தின் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கான இயங்குதளத்தைத் தயாரித்து வருகிறது.

இவ்வாறு வழித்தோன்றும் இயங்குதளங்களில் கால அளவைக் கணக்கிடும் முறையை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் வேண்டும். கேரளத்துப் பள்ளிகளுக்கான 18.04 பதிப்பு 2019 இல் வெளிவந்தது. அதன் அடிப்படையாகிய உபுண்டு 18.04 வெளிவந்தது 2018 ஏப்ரலில். அதற்கு உரிய பொதுப் பாதுகாப்புக் காலம் ஐந்தாண்டு. எனவே அடிப்படைப் பொதிகளுக்குரிய பாதுகாப்பு 2019 இலிருந்து எண்ணப்படாமல், 2018 இலிருந்து எண்ணப்பட்டு 2023 இல் முடிவுற்றது. வழித்தோன்றலின் ஆயுள் அதன் பிறந்த நாளைக் கொண்டு கணிக்கப்படுவதன்று. மூலத்தின் பிறந்த நாளைக் கொண்டே கணிக்கப்படுவது. டெபியனில் இக்காலம் முதல் மூன்றாண்டுகளும், நெடுங்காலப் பராமரிப்பாக மேலும் இரண்டாண்டுகளுமாகும்.

களத்தில் செய்ய வேண்டுவன

1. ஒவ்வொரு கணினியின் மீதும் சிறு சீட்டு ஒன்றை ஒட்டுக. இயங்குதளத்தின் பெயர், பதிப்பு, அதன் மூலம், பாதுகாப்பு முடியும் மாதம் ஆகிய நான்கையும் அதில் எழுதுக.

2. பதிவேடு, தேர்வு, சம்பளம், மருந்து இருப்பு முதலிய வேலைகளுக்குரிய கணினியில் நிலைக் கிளையையே நிறுவுக.

3. நிலைக் கிளைக்கு வரும் திருத்தங்களைத் தள்ளிப் போடாதிருக்க. மாறாமை வேண்டும் என்று எண்ணித் திருத்தங்களையும் நிறுத்திவிடுதல், பிழைத்திருத்தப் பட்டியலைக் கிழித்தெறிவதற்கு ஒப்பாகும்.

4. ஒரே கணினியில் இரு கிளைகளின் பொதிகளைக் கலக்காதிருக்க. கலந்தவற்றை எவரும் சேர்த்துச் சோதித்ததில்லை.

5. பாதுகாப்பு முடியும் மாதத்திற்கு ஆறு மாதம் முன்னரே அடுத்த பதிப்பிற்கு மாறும் ஏற்பாட்டைத் தொடங்குக. பள்ளிகள் கோடை விடுமுறையை இதற்குப் பயன்படுத்தலாம்.

6. இயலுமாயின், வேலைக்குரிய ஆவணம் எதுவும் இல்லாத பழைய கணினி ஒன்றில் சோதனைப் படியை நிறுவி, மாணவர்களைக் கொண்டு பழகுக.

இறுதியிற் கூறியது பொழுதுபோக்கன்று. தமிழ் எழுத்துகள் திரையில் சிதையாது தோன்றுகின்றனவா, விசைப்பலகையில் உயிர்மெய் எழுத்துகள் செவ்வனே வருகின்றனவா, பட்டியல்களிலுள்ள தமிழ்ச் சொற்கள் பொருந்துகின்றனவா என்பனவற்றைத் தமிழ் அறிந்தவரே சோதிக்க இயலும். உறைநிலைக்கு முன்னர் அறிவிக்கப்படும் தவறு திருந்துதல் எளிது. வெளியீட்டின் பின்னர் அறிவிக்கப்படும் மொழித் தவறோ, கடும்பிழை அன்றாதலின், பெரும்பாலும் அடுத்த பதிப்பு வரையில் அப்படியே நிற்கும். அதாவது, நாம் பேசாதிருந்த ஒரு பருவத்தின் தவறு, பல்லாயிரம் மாணவர்களின் திரையில் இரண்டாண்டு காலம் நிலைத்திருக்கும். நிலைக் கிளை நல்லவற்றை மட்டுமன்று, நாம் கவனியாது விட்டவற்றையும் நிலைக்கச் செய்கிறது.

கொண்டாப்பூர்ப் பொறியாளரும் கிராமத்துப் பள்ளி ஆசிரியரும் இவ்வேற்பாட்டில் ஒருவருக்கொருவர் வேண்டியவராவர். முன்னவர் கிளை வளரச் செய்கிறார். பின்னவர் அது தம் வகுப்பறையில் எங்கே தவறுகிறது என்பதை உரிய காலத்தில் எழுதித் தெரிவிக்கலாம். அவ்வாறு எழுதும் ஒரு குறிப்பு அடுத்த பதிப்பை உபயோகிக்கும் எல்லார்க்கும் பயன்படும்.

பயிற்சி வினாக்கள்

1. "நிலையான" என்பதற்கும் "பிழையற்ற" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடநூல் உதாரணத்தைக் கொண்டு விளக்குக.

2. லினக்ஸ் கெர்னலில் ஒற்றை, இரட்டை எண் முறை கைவிடப்பட்டதற்குரிய காரணங்கள் யாவை?

3. திருத்தம் பெற்ற மென்பொருள் பழைய பதிப்பெண்ணையே தாங்கி நிற்பது எவ்வாறு?

4. 2008, 2024 ஆகிய ஆண்டுகளில் வெளிப்பட்ட இரு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டு, சோதனைப் படியின் பயன் எதனைச் சார்ந்தது என்பதைக் கூறுக.

5. தங்கள் நிலையத்திலுள்ள கணினிகளின் இயங்குதளம், மூலம், பாதுகாப்பு முடியும் மாதம் ஆகியவற்றை அட்டவணையாக எழுதுக.